கபடியில் வெளியேறியவர் திரும்பி வருவார்

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வகுப்பில் 42 பேர். பயிற்சி ஒன்றில் கேட்ட யோசனைப்படி, ஜூலை மாதத்தில் வகுப்பை ஒரு விளையாட்டாக மாற்றினேன். சரியான விடைக்கு 5 புள்ளி, வீட்டுப்பாடத்துக்கு 10 புள்ளி, நூறு புள்ளிக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்து, 42 பெயர்களையும் வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் முதல் மூவருக்குப் பேனா. முதல் மாதம் வகுப்பே திருவிழாவாக இருந்தது. இப்போது அக்டோபர். முதலிடத்தில் இருப்பவளுக்கு 640 புள்ளி, கடைசியில் இருப்பவனுக்கு 85. அதே ஐந்தாறு பேர்தான் போட்டியிடுகிறார்கள். கீழே இருக்கும் பன்னிரண்டு பேர் கையே தூக்குவதில்லை. வீட்டுப்பாடம் எல்லாரிடமிருந்தும் வருகிறது, ஆனால் ஒரே நோட்டைப் பார்த்து எழுதியது தெரிகிறது. புதுப் பாடம் தொடங்கினால், "மிஸ், இதுக்குப் பாயிண்ட் உண்டா?" என்கிறார்கள். ஒரு தாயார் வந்து, மகன் பெயரைக் கடைசியில் எழுதிவைக்காமல் இருக்க முடியாதா என்று கேட்டுவிட்டுப் போனார். தலைமையாசிரியரோ இதனை ஆறு முதல் எட்டு வரை எல்லா வகுப்புக்கும் விரிவாக்கவும், ஒரு செயலி வாங்கவும் விரும்புகிறார். நான் நிறுத்துவதா, திருத்துவதா?
— ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

பட்டியலை இந்த வாரமே கழற்றிவிடுங்கள். விளையாட்டை நிறுத்த வேண்டாம். இவை இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் உங்கள் கடிதத்துக்கு நான் சொல்லக்கூடிய பதில். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்தது கையே தூக்காத அந்தப் பன்னிரண்டு பேரைப் பற்றிய வரி. நீங்கள் அவர்களை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வகுப்புகளில் அவர்களை யாரும் எண்ணுவதில்லை.

விளையாட்டாக்கம் என்று இன்று வழங்கப்படுவது, விளையாட்டு அல்லாத ஒரு வேலைக்குள் விளையாட்டின் கூறுகளைக் கொண்டுவந்து வைப்பதாகும். அப்படிக் கொண்டுவரும்போது முதலில் கைக்கு அகப்படுவன புள்ளி, பேட்ஜ், தரவரிசை ஆகிய மூன்றும்தான். ஏனெனில் அவை கண்ணுக்குத் தெரிபவை, சுவரில் ஒட்டத்தக்கவை, பயிற்சி முகாமில் ஒரு மணி நேரத்தில் விளக்கத்தக்கவை. ஆனால் பிள்ளைகளை ஆட்டத்தில் பிடித்துவைத்திருப்பவை வேறு. உங்கள் பள்ளி மைதானத்தில் நடக்கும் கபடியையே பாருங்கள். பாடிச் சென்றவன் பிடிபட்டால் வெளியே போய் உட்காருகிறான். தன் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றியதும் அவன் எழுந்து உள்ளே வருகிறான். வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவன் எல்லாரையும்விட உரக்கக் கத்துகிறான், ஏனென்றால் தான் திரும்பி வருவது தன் அணியினரின் கையில் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். திரும்பி வரும் அந்த விதியை எடுத்துவிட்டால், பத்தாவது நிமிடத்தில் மைதானத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பட்டியலில் அந்த விதி இல்லை. நீங்கள் கணித ஆசிரியை, ஆகையால் கணக்காகவே சொல்கிறேன். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் இடைவெளி 555 புள்ளி. விடைக்கு 5 புள்ளி என்றால், 85 புள்ளி வைத்திருக்கும் பையன் 111 கேள்விகளுக்குச் சரியாக விடை சொல்ல வேண்டும். அவ்வளவு காலமும் 640 புள்ளி வைத்திருக்கும் மாணவி வாயே திறக்காமல் இருக்க வேண்டும். இந்தக் கணக்கை அந்தப் பையன் தாளில் போட்டுப் பார்த்திருக்க மாட்டான், ஆனால் மனத்தில் போட்டுவிட்டான். அதனால்தான் அவன் கை கீழே இருக்கிறது. அதைச் சோம்பல் என்று நான் எழுதமாட்டேன், அவன் கணித்தது சரியான கணிப்பு. தெருவில் சிறு பிள்ளையை அழாமல் இருப்பதற்காக ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு, அவன் அடித்தாலும் கணக்கில்லை, அவுட்டானாலும் கணக்கில்லை என்று வைத்துக்கொள்வார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று அதற்குப் பெயர். சொல் நயமானதன்று, ஆனால் நிலைமை அதுதான்: பட்டியலின் அடியில் இருக்கும் பன்னிரண்டு பேரும் உங்கள் வகுப்பில் ஒப்புக்கு ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, "பாயிண்ட் உண்டா?" என்ற கேள்வி. இது உங்கள் வகுப்புக்கு மட்டும் வந்த நோய் அல்ல. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், ஏற்கெனவே வண்ணப் பேனாவால் படம் வரைவதில் விருப்பமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்குச் சான்றிதழே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத வேளையில் யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுவினர் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தக் குறைவு நேரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் இறுதியில் அது நமக்குத் தேவைப்படும். பரிசு என்றாலே கெடுதி என்று இதிலிருந்து முடிவு செய்துவிடவும் கூடாது. ஒரு வேலையில் விருப்பமே இல்லாத பிள்ளையைத் தொடங்கவைப்பதற்குச் சிறு பரிசு உதவலாம்; அவனிடம் கெடுவதற்கு இன்னும் விருப்பம் முளைக்கவில்லை. ஆனால் உங்கள் 640 புள்ளி மாணவி கணக்கை விரும்பிப் போடுகிறவளாகத்தான் ஜூன் மாதத்தில் வந்திருப்பாள். அவளும்தான் இப்போது பாயிண்ட் கேட்கிறாள் என்றால், பட்டியல் கீழே இருப்பவர்களிடமிருந்து மட்டுமல்லாமல் மேலே இருப்பவளிடமிருந்தும் எதையோ எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வுகள் ஒரே பக்கமாகச் சாயவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே பாடத்தை இரு வகுப்புகளுக்கு 16 வாரம் நடத்தி, ஒன்றில் மட்டும் பேட்ஜும் தரவரிசையும் வைத்துப் பார்த்த ஹானுஸ், ஃபாக்ஸ் ஆகியோரின் 2015 ஆம் ஆண்டு ஆய்வில், தரவரிசை வைத்த வகுப்பின் ஆர்வம் நாளடைவில் குறைந்தது. இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தே வந்தது. மறுபுறம், பல ஆய்வுகளைத் தொகுத்து ஜெர்மனியின் ஸைலர், ஹோம்னர் ஆகியோர் 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வு, விளையாட்டாக்கத்தால் கற்றலில் சிறிய அளவிலான நன்மை உண்டு என்றே கண்டது. தனியாகப் போட்டியிடுவதைவிட அணிக்குள் ஒத்துழைத்து அணிகளுக்கிடையே போட்டியிடுவது மேலானது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. கபடி ஆடியவர்களுக்கு இது வியப்பாக இராது.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு நாம் இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவிய செயல்வழிக் கற்றலில், ஆந்திராவிலுள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையைத் தழுவி அமைத்த கற்றல் ஏணி இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று, அட்டையை எடுத்து, அதை முடித்த பிறகு அடுத்த படிக்குப் போகும். பக்கத்தில் இருப்பவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பது இவன் ஏறுவதைத் தடுக்காது. அட்டை தேடியே பொழுது போகிறது என்று ஆசிரியர்கள் என்னிடம் குறைப்பட்டதுண்டு, அந்தக் குறையில் நியாயமும் இருந்தது. ஆயினும் அந்த ஏணி, ஒரு நல்ல ஆட்டத்தின் உள்ளமைப்பைத் தரவரிசை இல்லாமலே வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. இன்னொன்று: 2017 முதல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளில் மாநில அளவிலான முதலிடங்களை அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. பொதுத்தேர்விலேயே வேண்டாம் என்று விட்ட ஒன்றை, ஏழாம் வகுப்புச் சுவரில் வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பித்துக்கொண்டிருப்பானேன்? தலைமையாசிரியரிடம் பேசும்போது இந்த வாதம் உதவக்கூடும்.

இனி செய்ய வேண்டியது. பட்டியலை ஒரு நாள் மாலையில் சத்தமில்லாமல் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். நான்கு மாதம் உழைத்துச் சேர்த்த பிள்ளைகளுக்கு அது அநியாயமாகத் தோன்றும், தோன்றுவது சரியும்கூட. ஒரு போட்டித்தொடர் முடிவதைப் போல முடித்துவையுங்கள்: இந்த ஆட்டம் இன்றோடு நிறைவடைகிறது, திங்கள்கிழமை வேறு விதியுடன் புதிய ஆட்டம் தொடங்குகிறது, எல்லாரும் சுழியத்திலிருந்து தொடங்குகிறோம் என்று அறிவியுங்கள்.

புதிய ஆட்டத்துக்கு நான் பரிந்துரைப்பது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லேவின் உருவாக்கிய அணிமுறை. செயலியும் வேண்டாம், செலவும் இல்லை. வகுப்பை ஒன்பது அணிகளாகப் பிரியுங்கள். ஆறு அணிகளில் ஐவர், மூன்று அணிகளில் நால்வர் என்றால் 42 பேரும் அடங்கிவிடுவார்கள். பிரிப்பது நீங்களாக இருக்க வேண்டும். சாட் பூட் திரி போட்டால் நண்பர்கள் ஒரு பக்கமும் வேண்டாதவர்கள் ஒரு பக்கமுமாகச் சேர்ந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் இதுவரை எழுதிய தேர்வுகளின் சராசரியை விழுக்காட்டில் கணக்கிட்டு, அதனை அவரவர் அடிப்படை மதிப்பெண்ணாக வையுங்கள். வாரத்தில் மூன்று நாள் பாடமும் அணிப் பயிற்சியும்; நான்காம் நாள் சிறு தேர்வு, தேர்வில் ஒருவருக்கொருவர் உதவக் கூடாது. தம் அடிப்படையைவிடப் பத்துக்கு மேல் குறைந்தவர் அணிக்கு 5 புள்ளியும், பத்துக்குள் குறைந்தவர் 10 புள்ளியும், அடிப்படையை எட்டியவரும் அதிலிருந்து பத்து வரை கூடியவரும் 20 புள்ளியும், பத்துக்கு மேல் கூடியவர் 30 புள்ளியும் கொண்டுவருகிறார். முழு மதிப்பெண் பெற்றவருக்கு எப்படியும் 30. அணியின் அளவு வேறுபடுவதால் கூட்டுத்தொகையை விட்டுச் சராசரியை எடுங்கள். இந்த விதிப்படி, 92லிருந்து 94க்குப் போனவள் அணிக்கு 20 புள்ளி தருகிறாள், 30லிருந்து 42க்கு வந்த பையன் 30 புள்ளி தருகிறான். அவனை அணியில் வைத்திருப்பது அன்றிலிருந்து லாபமாகிவிடுகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் மதிய உணவு இடைவேளையில் அவனுக்கு யாராவது கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள், சொல்லிக்கொடுப்பவளும் அதில் தெளிவாள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அணிகளைக் கலைத்து, அடிப்படை மதிப்பெண்ணையும் திருத்தி அமையுங்கள். சுவரில் ஏதாவது ஒட்டியே ஆகவேண்டும் என்றால் அணிகளின் பெயரை ஒட்டுங்கள், பிள்ளைகளின் பெயரை வேண்டாம்.

இத்துடன் மறு ஆட்டத்தையும் சேருங்கள்: சிறு தேர்வை ஒருமுறை திருப்பி எழுதலாம், எண்களை மாற்றிக் கொடுப்பீர்கள், இரண்டில் கூடியது எதுவோ அதுவே கணக்கு. இது சலுகை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். தேர்வு எழுதுவது கற்றதை அளப்பதோடு நின்றுவிடாமல் கற்பிக்கவும் செய்கிறது என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியை நான்கு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் 40 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இதன் முழுப் பொருள் விளங்கும்: திரும்பத் திரும்பப் படிப்பது அன்றைக்குத் தெளிவாக இருக்கிறது, வாரக் கடைசியில் கரைந்துவிடுகிறது. ஆகவே திருப்பி எழுதும் பிள்ளை ஏமாற்றவில்லை, மேலும் ஒருமுறை படிக்கிறான்.

அணியும் புள்ளியும் வெளிச்சட்டம்தான். இதனினும் முக்கியமானது, கணக்கே ஆட்டத்தின் உள்ளே இருக்குமாறு சில வகுப்புகளையாவது அமைப்பது. எலும்புக்கூடுகளை எண்களால் வகுத்து வீழ்த்தும் ஒரு கணினி விளையாட்டை வைத்து ஹாப்குட், எய்ன்ஸ்வொர்த் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வகுத்தலே ஆயுதமாக இருந்த வடிவத்தையும், சண்டை தனியாகவும் வகுத்தல் வினாக்கள் இடையிடையேயும் வந்த வடிவத்தையும் ஒப்பிட்டார்கள்; குழந்தைகள் முதலாவதில் அதிகம் கற்றார்கள், விருப்பப்படி ஆடவிட்டபோது அதனையே ஏழு மடங்கு நேரம் ஆடினார்கள். உங்களுக்குக் கணினி வேண்டாம், தாழ்வாரமும் சாக்கட்டியும் போதும்.

முதல் பருவத்தில் முழுக்களை நடத்தியிருப்பீர்கள். குறை முழுவைக் கழிக்கும் இடத்தில்தான் ஏழாம் வகுப்பு இடறுகிறது. தாழ்வாரத்தில் −15 முதல் +15 வரை எண்கோடு வரைந்துகொள்ளுங்கள். ஒருபக்கம் தேய்த்த புளியங்கொட்டை ஆறு எடுத்து உருட்டினால், வெள்ளை விழுந்தவற்றின் எண்ணிக்கையே நகரும் அடி. இரண்டு கட்டுச் சீட்டு: ஒன்றில் கூட்டு, கழி, மற்றதில் மிகை, குறை. கூட்டு என்றால் வலப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கழி என்றால் இடப்பக்கம். மிகை என்றால் முன்னால் நடக்க வேண்டும், குறை என்றால் திரும்பாமல் பின்னால் நடக்க வேண்டும். −3இல் நிற்பவளுக்குக் கழி, குறை, 4 என்று விழுந்தால், இடப்பக்கம் பார்த்தபடி நான்கு அடி பின்வைத்து +1இல் போய் நிற்பாள். அவள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே, எங்கே நிற்பாள் என்று எதிரணி தாளில் எழுதிவிட வேண்டும். சரியாக எழுதினால் அடுத்த உருட்டல் அவர்களுடையது. 42 பேரும் நடக்க இடம் போதாது, ஆகையால் இரண்டு கோடு வரைந்து, மற்றவர்கள் நோட்டில் எண்கோடு போட்டு ஒரு கொட்டையை நகர்த்தட்டும். குறையைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று இதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் உங்களைக் கேட்காது, அதன் கால் அறிந்திருக்கும். இந்த ஆட்டத்துக்குப் புள்ளி உண்டா என்று எவரேனும் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.

வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் புள்ளி நோட்டுக்கு விலையாக இருந்தது, அதனால் நோட்டு வந்தது. அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, மறுநாள் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் வீட்டுப்பாடத்தைப் போன்ற ஒரே ஒரு கணக்கைத் துண்டுத் தாளில் போடச் சொல்லுங்கள். அழுகுணி ஆட்டம் தானாக ஓய்ந்துவிடும். எந்த விளையாட்டுப் புள்ளியையும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணுக்குள் மாற்றிக் கணக்கிட வேண்டாம்; பதிவேட்டுக்குள் போய்விட்டால் அது விளையாட்டாக இருக்காது.

செயலியை இந்த ஆண்டு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட் என்ற வினாடிவினாச் செயலி வகுப்பைக் கலகலப்பாக்கும், ஆனால் அதன் வழக்கமான முறையில் விரைவாக அழுத்துபவருக்கே கூடுதல் புள்ளி; யோசித்துக் கணக்குப் போடும் பிள்ளைக்கு அது தண்டனை, மாணவர் கையில் கருவியும் வேண்டும். தலைமையாசிரியர் ஏதாவது தொழில்நுட்பம் வேண்டும் என்று வற்புறுத்தினால் பிளிக்கர்ஸைக் காட்டுங்கள். பிள்ளைகளிடம் அச்சிட்ட அட்டை மட்டும் இருக்கும், எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்கள் என்பதே விடை. உங்கள் ஒரே கைப்பேசி 42 அட்டைகளையும் படித்துவிடும். யார் என்ன விடை சொன்னார் என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். கை தூக்கத் தயங்கும் பன்னிரண்டு பேருக்கு அது பெரிய நிம்மதி. எந்தச் செயலியாக இருந்தாலும் பிள்ளைகளின் பெயரைப் பதியாமல் வரிசை எண்ணை மட்டும் பதியுங்கள்.

அந்தத் தாயாரை மறுபடியும் வரச்சொல்லுங்கள். மகனுடைய ஜூலை மாதத் தாளையும் நவம்பர் மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வகைக் கணக்கு அப்போது வரவில்லை, எது இப்போது வருகிறது என்று காட்டுங்கள். அந்தத் தாள்களில் மதிப்பெண்ணோடு ஒரு வரிக் குறிப்பும் எழுதினால் போதுமே என்று தோன்றும். 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வு இதில் எச்சரிக்கிறது: குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள், குறிப்பும் மதிப்பெண்ணும் சேர்ந்து பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. மதிப்பெண்ணைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு, தாளில் குறிப்பை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

முதல் இரண்டு வாரம் வகுப்பு மந்தமாக இருக்கும். மேலே இருந்த ஐந்தாறு பேர் முகம் வாடுவார்கள், பழைய பட்டியலே நன்றாக இருந்தது என்பார்கள். அந்த நேரத்தில் மனம் தளர்ந்து பட்டியலைத் திரும்ப ஒட்டிவிடாதீர்கள். இப்போதே ஒரு வாரம், அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் நாள்தோறும் ஒருமுறையாவது வாய் திறக்கிறார்கள் என்று உங்கள் குறிப்பேட்டில் எண்ணி எழுதிவையுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் மறுபடியும் எண்ணுங்கள். தலைமையாசிரியரிடம் கொண்டுபோக வேண்டியது அந்த இரண்டு எண்கள்தாம். மற்ற வகுப்புகளுக்கு விரிவாக்குவதை அதுவரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமைக்கென்று வாங்கிய பேனாக்கள் மீதம் இருக்கும். முன்கூட்டி அறிவிக்காமல், எதற்கென்றும் சொல்லாமல், அன்றைக்குப் பேனாவில் மை தீர்ந்து விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.